உப்பில் கிடந்த பெருவிரல்

மாரிராஜ் முதலில் போனைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தான். பிறகு மனைவி இசக்கியம்மாளிடமிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் சம்புடத்தை வாங்கி அதற்குப் பக்கத்தில் வைத்தான். இரண்டையும் வைத்தது இடது கை. வலது கை வெள்ளைத் துணி சுற்றி, கழுத்திலிருந்து தொங்கிய பட்டைக்குள் கிடந்தது.

ரசீத் பாய் போனைப் பார்க்கவில்லை, சம்புடத்தைத்தான் பார்த்தார். திருநெல்வேலி ஜங்ஷனில் இருபது வருஷமாக போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர். கூலி கேட்டால் காசுக்குப் பதில் பண்டத்தை நீட்டுகிற ஆட்களை அவருக்குத் தெரியும். உவரிக்காரர் ஒருவர் டிஸ்பிளே மாற்றிக்கொண்டு ஒரு கட்டு நெத்திலிக் கருவாட்டை வைத்துவிட்டுப் போனார். கல்லிடைக்குறிச்சி மாமி ஒருத்தி சார்ஜருக்கு ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி, அதற்கு ஈடாக அப்பளக் கட்டை நீட்டினாள். பாய் வாங்கிக்கொள்வார். வாங்கிக்கொண்டு, காசும் கேட்பார்.

"ஊறுகாயா வே? அதை நீரே வச்சுக்கிடும். வீட்டுல ஏற்கெனவே மூணு பரணி நிக்கி. கூலியக் காசாக் குடும்."

"ஊறுகா இல்ல பாய். என் பெருவிரல்."

பாய் சிரித்துக்கொண்டேதான் மூடியைத் திறந்தார். உள்ளே கல்லுப்பு பழுப்பேறிக் கட்டிபட்டுக் கிடந்தது. அதன் நடுவில், காய்ந்த பேரீச்சம்பழம் போலச் சுருங்கிய ஒன்று. நகம் மட்டும் சுருங்கவில்லை. நகத்துக்கடியில் கிரீஸ் அழுக்கு அப்படியே இருந்தது. வாசனை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, மஞ்சளும் ஈரமண்ணும்தான். பாய் "யா அல்லா" என்று மூடியைப் போட்டார். போட்ட வேகத்தில் அது சரியாக மூடவில்லை. மறுபடி அழுத்தினார். கடையில் போன் கவர் பொறுக்கிக்கொண்டிருந்த காலேஜ் பெண்ணிடம், "தாயீ, பைய ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. கவர் எங்கயும் ஓடிராது" என்றார். அவள் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"என்ன வே இது? சின்னப்புள்ள வெளாட்டா?"

"அந்தப் போனுக்குச் சாவியே இதுதான் பாய். இத வச்சு ஒரு தடவ தொறந்து குடுங்க, போதும். உள்ள ஒரு வீடியோ கெடக்கு. மூணு மணிக்குக் கம்பெனில விசாரண. அதுக்குள்ள வேணும்."

சுவரிலிருந்த கடிகாரத்தில் மணி ஒன்று.

கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற கம்பெனி அது. பேர் எதுவாயிருந்தால் என்ன, வாசலில் இருக்கிற பலகையில் "பாதுகாப்பே முதல்" என்று நாலு பாஷையில் எழுதியிருக்கும். மாரிராஜ் அங்கே நாலு வருஷமாகக் காண்ட்ராக்டில் பிரஸ் மிஷின் ஓட்டினான். தகட்டை உள்ளே வைக்க வேண்டும், பொத்தானை அழுத்த வேண்டும், மேலிருந்து யானைக்கால் மாதிரி ஒன்று இறங்கி அடிக்கும். கை உள்ளே இருந்தால் அடிக்காது. ஏனென்றால் இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஓடும் ஒரு சென்சார் உண்டு. விரல் குறுக்கே வந்தால் மிஷின் அப்படியே நின்றுவிடும். நின்றால் மறுபடி ஓடப் பத்து நொடி ஆகும். பத்து நொடி, பத்து நொடியாகச் சேர்ந்து சாயங்காலம் எண்ணிக்கையில் இருநூறு குறையும். சூப்பர்வைசர் வன்னியராஜுக்கு மேலேயிருந்து வசவு விழும். அதனால் அவர் ஒருநாள் மிஷினின் பின்பக்கப் பெட்டியைத் திறந்து, ஒரு வயரைப் பிடுங்கி வேறு இடத்தில் சொருகினார். அதோடு மிஷினுக்குக் கண் அவிந்தது. எண்ணிக்கை ஏறியது. எல்லாருக்கும் சந்தோஷம்.

அன்றைக்குத்தான் மாரிராஜ் இடுப்பில் ஒளித்துக் கொண்டுபோன போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். வன்னியராஜை எடுக்க வேண்டும் என்று எடுக்கவில்லை. "அப்படி என்னதான் செய்யுதிய அங்கன?" என்று இசக்கி நாலு வருஷமாகக் கேட்டதற்கு, மிஷினைக் காட்டலாம் என்று எடுத்தான். முப்பத்தெட்டு நொடி. அதற்குள் வன்னியராஜ் வந்தார், பெட்டியைத் திறந்தார், வயரைச் சொருகினார், முகத்தைத் திருப்பிச் சொல்லவும் செய்தார்: "சென்சாரப் பாத்துக்கிட்டிருந்தா எண்ணிக்க எட்டாது. அவனவன் கைய அவனவன் பாத்துக்கிடுங்கலே." முகம் தெளிவு, குரல் தெளிவு. காசு கொடுத்துக் கூப்பிட்டிருந்தாலும் இப்படி வந்து நின்றிருக்க மாட்டார். ராத்திரி வீட்டில் இசக்கிக்கு அதைக் காட்டினான். உள்ளே போன் கொண்டுபோனது தெரிந்தால் வேலை போய்விடும் என்று வேறு ஒருத்தருக்கும் அனுப்பவில்லை. மூன்றாம் நாள் யானைக்கால் இறங்கியது. பெருவிரல் அடியோடும், ஆள்காட்டி பாதியுமாகப் போனது.

பத்து நாள் ஆயிற்று. நேற்று கம்பெனியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. "பாதுகாப்புச் சென்சாரை நானே கழற்றினேன். விபத்துக்கு நானே பொறுப்பு" என்று டைப் அடித்திருந்தது. மூன்று மணிக்கு மேனேஜர் முன்னால் அதை ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மிஷினைச் சேதப்படுத்தியதாகப் போலீசுக்குப் போவார்களாம். மாரிராஜ் இசக்கியின் போனிலிருந்து வன்னியராஜைக் கூப்பிட்டு, "கையெழுத்துப் போட எனக்குக் கை இல்லையே அண்ணாச்சி" என்று சொல்லிப் பார்த்தான். "அதுக்கென்னலே, எடது கைப் பெருவிரல உருட்டினாப் போதும். எல்லா ஆபீசுலயும் ஆம்பளைக்கு அந்த விரலத்தான் கேப்பாங்க" என்றார் அவர். அவர்களுக்கு வேண்டிய விரல் பத்திரமாக இருந்தது.

இவ்வளவும்கூட மாரிராஜ் தாங்கிக்கொள்வான். தாங்க முடியாதது ஒன்று இருந்தது. இசக்கியின் ஒரே தம்பி செல்வமணி, இருபத்தொரு வயசு, அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தான். திங்கட்கிழமையிலிருந்து அவனை அதே மிஷினில் போட்டிருந்தார்கள். சென்சார் இன்னும் அவிந்தேதான் கிடந்தது. போகாதே என்றால் கேட்கவில்லை. "மச்சான் கொஞ்சம் அசந்துட்டாரு. நான் பாத்து நடந்துக்கிடுவேன்" என்றான். பாளையங்கோட்டை வக்கீல் ஒருத்தர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆதாரம் இருக்கா?" என்ற ஒரே கேள்வியோடு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

ஆதாரம் இருந்தது. கையகலப் பெட்டிக்குள், திறக்க ஆளில்லாமல் இருந்தது.

"சரி வே, இந்த… இது எப்படி உம்ம கைக்கு வந்துச்சு?" என்றார் பாய். சம்புடத்தைச் சுட்டிக்காட்ட விரலை நீட்டியவர், பாதியில் அந்த விரலை மடக்கிக்கொண்டார்.

இசக்கிதான் பதில் சொன்னாள். ஆஸ்பத்திரியில் ஒட்ட முடியாது என்று கைவிரித்துவிட்டு, கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மாரிராஜின் சித்தப்பா கொம்பையா அதை வாங்கிச் சொந்த ஊரான ராஜவல்லிபுரத்துக்குக் கொண்டுபோனார். உடம்பில் இருந்ததைக் குப்பையில் போடக் கூடாது என்று, மஞ்சள் தடவி, கலயத்தில் உப்பிட்டு, ஆற்றங்கரைச் சுடுகாட்டு ஓரத்தில் குழி தோண்டிப் பால் ஊற்றிப் புதைத்தார். சின்னப்பிள்ளை செத்தால் செய்கிற முறை. அதோடு விட்டதா? ஒரு விரலுக்குத் தீட்டு எத்தனை நாள் என்று தெருவில் பஞ்சாயத்து கூடியது. ஆளுக்குப் பதினாறு என்றால் விரலுக்கு எவ்வளவு என்று ஒருத்தர் வகுத்தே பார்த்தார். கொம்பையா சித்தப்பா கோபப்பட்டு, "ஒரு முழுக்குப் போதும்லே, போங்க" என்று ஆற்றில் இறங்கிவிட்டார்.

"இன்னைக்குக் காலைல நானே போய்த் தோண்டினேன் பாய்" என்றான் மாரிராஜ். "எடது கையால. மம்பட்டி பிடிக்க வரல. தேங்காச் செரட்டையாலதான் தோண்டினேன்."

அவன் சொல்லாமல் விட்டது, கலயம் தட்டுப்பட்டதும் அங்கேயே உட்கார்ந்து அழுததை. அது அழுகையா என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. தன் எழவுக்குத் தானே போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆறு பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப்பக்கப் படித்துறையில் யாரோ துணியை ஓங்கி அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

பாய் ஒரு பெருமூச்சு விட்டு போனைக் கையில் எடுத்தார்.

"இங்க பாரும். நல்லாக் கேட்டுக்கிடும். போனுக்கு ரெண்டு பூட்டு உண்டு. விரல் சின்னச் சாவி, பேட்டர்ன் பெரிய சாவி. போன் ஒரு தடவ செத்துப் பொழச்சிதுன்னா, மொதல்ல பெரிய சாவியப் போட்டாத்தான் சின்னச் சாவியவே கேக்கும். ஆஸ்பத்திரில சார்ஜ் எறங்கி அணைஞ்சிருக்கும்லா?"

"ஆமா."

"அப்ப உம்ம விரல் இன்னைக்கு ஒட்டியிருந்தாக்கூட இது திறக்காது. அதுவும்போக, இந்தக் கண்ணாடி வெறும் ரேகைய மட்டும் பாக்காது. தோலுல ஈரம் இருக்கா, உசுருள்ள ஒடம்பான்னு பாக்கும். இது…" சம்புடத்தைப் பார்க்காமலே சொன்னார். "இது அதுக்கு வெறும் கட்ட."

மாரிராஜ் வியாபாரம் பார்த்து வளர்ந்தவன் இல்லை. ஆனாலும் ஜங்ஷன் கடைகளில் முதல் வார்த்தை 'முடியாது' என்றுதான் வரும், அது விலையின் ஆரம்பம் என்று அவனுக்குத் தெரியும்.

"ரெண்டாயிரம் தாரேன் பாய்."

"வே…"

"மூணு. இவ கம்மலக் கழத்தித் தாரேன்."

இசக்கியின் கை தானாகக் காதுக்குப் போனது. பாய் அதைப் பார்த்தார். முப்பதாயிரம் ரூபாய் போனை முப்பத்தெட்டாயிரம் சொல்லி முப்பத்திரண்டுக்கு விற்கிற மனிதர் அவர். விற்றுவிட்டு, "உங்களுக்காகக் கையக் கடிச்சுக்கிட்டுக் குடுக்கேன்" என்று சத்தியம் பண்ணவும் செய்வார். இப்போது போனை அவர்கள் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"வெல பேசுத சாமானில்ல வே இது. என்னால முடிஞ்சா சும்மாவே செஞ்சு குடுப்பேன். போன அழிச்சுத் திறக்க ரெண்டு நிமிசம் போதும். உள்ள ஒண்ணும் இருக்காது. அந்த வீடியோவும் போயிரும். அது வேணுமா? போலீஸ் எழுதிக் குடுத்தா மெட்ராஸ்ல திறப்பாங்க, ஆறு மாசம் ஆகும். வீடியோ எங்கயாவது ஏறியிருக்கா, நெட்டுல?"

"டேட்டா தின்னுதுன்னு அணைச்சு வச்சிருந்தேன்."

"வேற விரல் பதிஞ்சிருந்தா அணையுததுக்கு முன்னாலயே திறந்திருக்கலாமே வே. பதியலையா?"

இசக்கி பாயைப் பார்த்துச் சொன்னாள்.

"எம்விரலப் பதிஞ்சு வைங்கன்னு மூணு வருசத்துக்கு முன்னால வாங்கின அன்னைக்கே சொன்னேன் அண்ணாச்சி. சிரிச்சாக."

பாய் அந்தப் பக்கம் போகவில்லை. இருபது வருஷத்தில் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே எத்தனையோ போன்கள் அவர் மேஜைக்கு வந்திருக்கின்றன. "சரி, பேட்டர்ன் என்ன? எத்தன புள்ளி?" என்றார்.

"தெரியல பாய்."

"மூணு வருசமாப் போட்டிருக்கீரே?"

"கிரீஸ் பட்ட ரேகைய அது பாதி நாள் ஏத்துக்கிடாது. அப்பக் கோட்டப் பெருவிரல்தான் போடும். நான் பாக்கவே மாட்டேன். சாப்பிட்டுக்கிட்டே, நடந்துக்கிட்டே, இருட்டுக்குள்ள… அது பாட்டுக்குப் போவும், திறக்கும். இப்ப எடது கைல போடப்போனா எங்க ஆரம்பிக்கன்னே தெரியல. ஆஸ்பத்திரில வச்சு நான் போட்டுப் பாத்தேன், செல்வமணி போட்டுப் பாத்தான்…"

பாய் நம்பாமல் ஒரு துண்டுச் சீட்டை எடுத்து ஒன்பது புள்ளி வைத்தார். தன் போனின் பேட்டர்னைப் பேனாவால் வரையப் பார்த்தார். இரண்டு புள்ளி சேர்த்தார், நின்றார். அடித்தார். மறுபடி வைத்தார். நின்றார். பேனாவைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தார். பெருவிரல் ஒரு சுழற்று சுழற்றியது, திறந்துகொண்டது. கொஞ்ச நேரம் தன் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட… எனக்கே சொல்லத் தெரியலயே வே."

பிறகு மாரிராஜின் போனை டியூப்லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்தார். கண்ணாடியில் தடம் இருக்கும், விரல் எண்ணெய் படிந்து பாதை தெரியும், அதைப் பார்த்து நாலைந்து போன்களை அவர் திறந்ததுண்டு. கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

"யாரு தொடச்சா இத?"

இசக்கி வாயைச் சேலை முந்தானையால் பொத்திக்கொண்டாள். "ரத்தமா இருந்துச்சு அண்ணாச்சி. ஆஸ்பத்திரில… ஈரத்துணி போட்டு நான்தான்…"

"சரி தாயீ. சரி. அழாதீங்க. யாரா இருந்தாலும் தொடைக்கத்தான் செய்வாங்க."

பொத்தானை அழுத்தினார். திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. படித்ததும் பாயின் முகம் மாறியது.

"எத்தன தடவ போட்டீங்க எல்லாருமாச் சேந்து?"

"எண்ணல."

"இது எண்ணியிருக்கு. திருட்டுக் கைல மாட்டினாத் தானே எல்லாத்தையும் அழிச்சுக்கிடட்டும்னு உள்ள ஒரு ஏற்பாடு இருக்கும். யாரோ அதப் போட்டு வச்சிருக்கீங்க."

"நான்தான்" என்றான் மாரிராஜ்.

"இன்னும் ஒரே ஒரு தடவ வே. ஒண்ணு. அதுவும் தப்பாப் போச்சுன்னா வீடியோ, போட்டோ எல்லாம் போயிரும்." போனை மேஜைமேல் ரொம்ப மெல்ல, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல வைத்தார். "கைய வைக்காதீங்க. யாரும்."

போகும்போது கூலி எவ்வளவு என்று இசக்கி கேட்டாள். பாய் அதைக் காதில் வாங்காமல், கண்ணாடி துடைக்க வைத்திருந்த புதுத் துணி ஒன்றை உறை பிரித்து எடுத்து, சம்புடத்தைச் சுற்றிக் கட்டி அவளிடம் கொடுத்தார். "மொதல்ல இதத் திருப்பி அடக்கம் பண்ணுங்க. வெளிய வச்சுக்கிட்டு அலையக் கூடாது."

அதற்கு நேரமில்லை. ராஜவல்லிபுரம் போய் வந்தால் மூன்று மணி தாண்டிவிடும். சம்புடம் இசக்கியின் ஒயர்க்கூடைக்குள், தண்ணீர் பாட்டிலுக்கும் மாத்திரைப் பைக்கும் நடுவில் உட்கார்ந்தது. கங்கைகொண்டான் வழியாகப் போகிற கோவில்பட்டி பஸ்ஸில் ஏறினார்கள். கண்டக்டர் டிக்கெட்டை மாரிராஜின் வலது பக்கமாக நீட்டினார், கட்டைப் பார்த்ததும் இடது பக்கம் மாற்றி நீட்டினார். இந்தப் பத்து நாளில் அவன் பார்க்கிற உலகம் முழுவதும் இப்படித்தான் ஒரு கணம் தடுமாறி, பிறகு பக்கம் மாறிக்கொண்டிருந்தது. போன வாரம் ரேஷன் கடை மிஷினில் அவன் விரலை வைக்கச் சொன்னார்கள். "அந்த விரல் இல்ல" என்றதற்கு விற்பனையாளர், "ஆதார்ல இருக்கே" என்றார். கம்பெனி வாசலிலிருக்கிற ரேகை மிஷினிலோ பத்து நாளும் ஆப்சென்ட் விழுந்திருந்தது. மிஷினைக் குறை சொல்ல முடியாது. விரல் வரவில்லை என்றுதான் அது எழுதியிருக்கிறது, உண்மையும் அதுதான்.

தச்சநல்லூர் தாண்டியதும் வலி மாத்திரை வேலை செய்தது. அவன் தலை ஜன்னல் கம்பியில் சாய்ந்தது. இசக்கி அவன் கையைப் பட்டையோடு தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள், பஸ் குலுக்கலில் இடிபடாமல் இருக்கட்டும் என்று. அப்போதுதான் பார்த்தாள். துணிக்குள் பெருவிரல் இருந்த இடத்தின் அடிமேடு அசைந்தது. முதலில் பஸ்ஸின் குலுக்கல் என்று நினைத்தாள். பஸ் ஒரு ரயில்வே கேட்டுக்காக நின்றது. மேடு மறுபடி அசைந்தது. உள்ளே இழுத்தது, வெளியே தள்ளியது, கீழே சரிந்தது, ஒரு வெட்டு வெட்டி நின்றது. கொஞ்சம் விட்டு மறுபடியும் அதே மாதிரி. ஒயர்க்கூடையைக் காலுக்கிடையில் இறுக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் பார்த்தாள். ரயில் போகிறவரை பார்த்தாள்.

கம்பெனி வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. கொட்டகைக்குள் ஒரு பெஞ்ச். மணி இரண்டே முக்கால். மதில்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பிரஸ் ஓடுகிற சத்தம் கேட்டது. தடும்… தடும்… வரிசையாக ஆறு மிஷின், ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். மாரிராஜின் காதுக்கு அதில் மூன்றாவது தனியாகத் தெரியும். இரண்டு மணி ஷிப்டில் செல்வமணி இப்போது அதன் முன்னால் நிற்பான்.

"தூக்கத்துல ஒங்க கை போடுது" என்றாள் இசக்கி.

"என்னத்தப் போடுது?"

"போன் தொறக்குத அந்தக் கோட்ட. நான் பாத்தேன். நாலு தடவ அதேதான்."

அவன் கட்டை வெறித்துப் பார்த்தான். அந்த விரல் அங்கேயே இருக்கிற மாதிரி ராத்திரியெல்லாம் அரிப்பது உண்டு. சொறிய இடமில்லாமல் சுவரில் தேய்த்திருக்கிறான். பைத்தியம் என்று நினைப்பாள் என்று சொல்லவில்லை. இப்போது கண்ணை மூடிக்கொண்டு, இல்லாத விரலை வரையச் சொல்லிப் பார்த்தான். மேடு துடித்தது, எங்கேயோ போனது, திரும்பியது. மறுபடி சொன்னான். வேறு மாதிரி போனது.

"நெனச்சா வரலட்டி. நெனைக்க நெனைக்க ஓடிருது."

இசக்கியின் போன் அடித்தது. வன்னியராஜ். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏலே மாரி, எங்கன நிக்கே?"

"வாசல்லதான் நிக்கேன் அண்ணாச்சி."

"சார் வந்து உக்காந்துட்டாரு. மைப்பொட்டிகூட எடுத்து வச்சாச்சு. அஞ்சே நிமிச வேல. நீ பாட்டுக்கு வச்சிட்டுப் போய்க்கிட்டே இரு. நாளப்பின்ன வாட்ச்மேன் வேலைக்கு நான் பேசுதேன். என்ன?"

"வாரேன்."

போன் அணைந்தது. டீக்கடைக்காரர் இரண்டு கிளாசைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். இசக்கி அவனுடைய போனைக் கூடையிலிருந்து எடுத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள், ஒருமுறைக்கு இருமுறை. பொத்தானை அழுத்தினாள். ஒன்பது புள்ளி. வாசலில் போடுகிற கோலத்துக்குப் பத்தாத புள்ளி. அவன் பார்க்காதபடி போனைத் தன் மடியில், சேலைக் கொசுவத்துக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏன் எம்விரலப் பதியல?"

"இப்ப எதுக்குட்டி அது?"

"சொல்லுங்க. மூணு வருசமாக் கேக்கேன். பதிஞ்சிருந்தா ஒங்களுக்கு என்ன கொறஞ்சிரும்? எவகூடப் பேசிக்கிட்டிருந்திய?"

"ஏட்டி, வாயக் கழுவு."

"பின்ன என்ன? நான் தொட்டாத் தீட்டா? கஞ்சி காய்ச்ச இந்த விரல் வேணும், ஒங்க புண்ணத் தொடைக்க இந்த விரல் வேணும். போனத் தொறக்க மட்டும் ஆகாதா?"

அவனுக்குக் கோபம் வந்தது. பத்து நாளாக வராமலிருந்த கோபம். இவளிடம் காட்டக் கூடாதது என்று தெரிந்தும் வந்தது.

"என்ன தெரியும் ஒனக்கு? உள்ள போகையில ஒருத்தன் தடவிப் பாக்கான், வெளிய வரையில ஒருத்தன் தடவிப் பாக்கான். ஒண்ணுக்குப் போறதுக்குச் சீட்டு வாங்கணும். வீட்டுக்கு வந்தா சட்டப்பைக்குள்ள நீ கைய விடுத. என் செருப்ப ஒன் தம்பி போட்டுட்டுப் போறான். எனக்குன்னு என்ன இருக்கு? ஒரு பொட்டி. நான் தொட்டாத் திறக்கும். நான் தொட்டா மட்டும் திறக்கும். உள்ள ஒண்ணுமில்லட்டி, நாலு பாட்டு, திருச்செந்தூர்ல வச்சு எடுத்த ஒன் போட்டோ, அந்தச் சவத்து மிஷின், அவ்வளவுதான். ஆனா அது என்னத் தெரிஞ்சு வச்சிருந்துச்சு. ஒரு சாமானாவது…"

இசக்கி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பட்டைக்குள் மேடு அசைந்துகொண்டிருந்தது. உள்ளே இழுத்தது, அவள் ஆள்காட்டி விரல் மடியில் இடது மேல் புள்ளியைத் தொட்டது. வெளியே தள்ளியது, கோடு வலதுபக்கம் ஓடியது. கீழே சரிந்தது. இன்னும் ஒரு இழுப்பு. அவன் பேசப் பேச அது போனது, அவள் பின்னாலேயே போனாள், இருட்டில் ஒருத்தர் முதுகைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி. நாலாவது புள்ளி. ஐந்தாவது.

அப்போது அவன் அவள் மடியைப் பார்த்துவிட்டான். பேச்சு நின்றது. கையும் நின்றது.

"மாரிராஜு! யாருப்பா மாரிராஜு? சார் கூப்பிடுதாரு!" வாசலிலிருந்து செக்யூரிட்டி குரல் கொடுத்தான்.

"முடிஞ்சிட்டா?" என்றாள் இசக்கி, உதடு அசையாமல். "இன்னும் ஒரு புள்ளி இருக்கா, இல்ல இவ்வளவுதானா?"

மாரிராஜ் கட்டைப் பார்த்தான். அது அசையவில்லை. முடித்துவிட்டு நிற்கிறதா, பாதியில் நிற்கிறதா என்று அதைக் கேட்க வழியில்லை. பஸ்ஸில் கடைசியாக ஒரு வெட்டு வெட்டியது என்று அவளுக்கு ஞாபகம். அது ஐந்தாவதா, ஆறாவதா?

"தெரியலட்டி."

"எடுக்கட்டுமா?"

மதிலுக்கு அந்தப் பக்கம் மூன்றாவது மிஷின் இறங்கியது. பெஞ்சில் டீ ஒரு வளையம் நடுங்கி அடங்கியது. அவள் விரல் ஐந்தாவது புள்ளியிலேயே இருந்தது. பின்னால் பச்சைக்கோடு வளைந்து நெளிந்து விரல்நுனிவரை வந்து காத்திருந்தது. விரலை எடுத்தால்தான் அது சரியா தப்பா என்று போன் பார்க்கும்; எடுக்காதவரை திரை அணையவில்லை. அடுத்த அடி இறங்கும் சத்தத்துக்கு இருவரும் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் நகம் வெளுக்கும்படி கண்ணாடியை அழுத்திக்கொண்டிருந்தாள்.